வகுப்பில் சத்தமே போடாத பிள்ளைகள்: பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் பள்ளிக்கு வரும் மாணவர்களுக்குத் துணை நிற்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆசிரியர் அறையில் எந்தப் பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேசுகிறோம் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பெஞ்சைத் தட்டுகிறவன், வீட்டுப்பாடம் எழுதாதவன், சண்டை போடுகிறவன், போன் கொண்டுவந்து மாட்டிக்கொண்டவள் என்று எல்லாம் நமக்குத் தொந்தரவு கொடுத்த பிள்ளைகளின் பெயர்களாகவே இருக்கும். சுவரோரம் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் மெதுவாகப் பதில் சொல்லி, மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிற பிள்ளையின் பெயர் அந்தப் பேச்சில் வராது. பெற்றோர் கூட்டத்திலும் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம், "தங்கமான புள்ளைங்க, இருக்கற எடமே தெரியாதுங்க" என்று பாராட்டி அனுப்பிவிடுவோம். ஆனால் அந்தப் பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை என்பதும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறது என்பதும் அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், சில வீடுகளில் அவருக்கும் தெரியாது.

2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாடும் அதில் சேர்ந்திருந்தது, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்புக்குச் சராசரியாக மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பதற்றமும் மனச்சோர்வும் மாதிரி உள்ளுக்குள்ளேயே புழுங்குகிற வகையில் உள்ளவர்கள்தான் நம் கண்ணில் படாமல் போகிறவர்கள்.

இந்த வழிகாட்டி கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதியது, பெற்றோரும் படிக்கலாம். இதில் அடிப்படையாக ஒன்றுதான் சொல்ல வருகிறேன். பயப்படும் பிள்ளையை நாம் ஒன்று பிடித்துத் தள்ளிவிடுகிறோம், இல்லையென்றால் பாவம் என்று எல்லாவற்றிலிருந்தும் விலக்கு கொடுத்துவிடுகிறோம். இரண்டையும் அக்கறையோடுதான் செய்கிறோம், இரண்டுமே பயத்தை வளர்க்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அது கொஞ்சம் மெதுவான வழி, அதற்கு ஒரு திட்டமும் அதைக் கையில் வைத்திருக்க ஒரு பெரியவரும் வேண்டும்.

முதல் படி: யாரைக் கவனிப்பது?

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பதற்றம் உள்ள பல பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள், தப்பு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே படிப்பார்கள். கவனிக்க வேண்டியது வேறு சில விஷயங்கள். எழுதியதையே அழித்து அழித்துத் தாள் கிழிகிற அளவுக்கு எழுதுவது. "சரியா இருக்குதுங்களா மிஸ்?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. திங்கட்கிழமையும், தேர்வு நாளும், விளையாட்டு விழா நாளும் மட்டும் வரும் வயிற்றுவலி, தலைவலி. மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக்கொண்டு போவது. கழிப்பறைக்கு அடிக்கடி போவது, அல்லது நாள் முழுக்கப் போகாமலே இருப்பது. இடைவேளையில் எந்தக் கூட்டத்திலும் சேராமல் ஆசிரியர் பக்கத்திலேயே நிற்பது. முன்பு கோலப்போட்டி, கபடி என்று ஆசையாக ஓடிய பிள்ளை எதிலும் மனசு ஒட்டாமல் இருப்பது. வகுப்பில் தூங்கி விழுவது. பையன்களிடம் சோர்வு சில சமயம் எரிச்சலாகத்தான் வெளியே வரும், எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுவான், நாமும் திமிர் என்று முடிவு கட்டிவிடுவோம்.

நம் பகுதிக்கென்று சில சூழல்கள் உண்டு. தோட்டத்துச் சாளையில் தனி வீட்டில் வளர்ந்து, அஞ்சாவது வரை பதினைந்து பிள்ளைகள் மட்டும் உள்ள பள்ளியில் படித்துவிட்டு, ஆறாவதுக்கு டவுனில் ஆயிரம் பேர் உள்ள பள்ளிக்குள் ஜூன் மாதம் வந்து நிற்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் மிரட்சியாகத்தான் இருக்கும். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியிலோ மில்லிலோ மாறி மாறி ஷிப்ட் போகும் வீட்டில், பிள்ளை தன் பயத்தைச் சொல்லக்கூட ஆள் விழித்திருக்கும் நேரம் கிடைப்பதில்லை. விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை படிப்பு என்று நடக்கும் விடுதிகளில், அழுகிற பிள்ளையை "வீட்டு ஞாபகம், ரெண்டு வாரத்துல சரியாயிரும்" என்று விட்டுவிடுகிறோம். பலருக்குச் சரியாகிவிடும். ஒரு மாதம் கழித்தும் சாப்பிடாமல், தூங்காமல் இருக்கும் பிள்ளைக்கு அது வீட்டு ஞாபகம் மட்டும் இல்லை. மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது, அதற்கான காரணம் இந்த அழுத்தம்தான் என்பதை விடுதி நடத்துகிறவர்களும் நினைவில் வைக்க வேண்டும்.

திருப்பூர், அவினாசி பக்கம் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருப்பார்கள். புது மொழிக்குள் வந்த பிள்ளை முதலில் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு, அதைக் கோளாறாகப் பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் தங்கள் மொழி பேசும் நண்பர்களோடு மைதானத்தில் கலகலப்பாகப் பேசுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். தமிழே தாய்மொழியாக இருந்து, வீட்டில் வாய் ஓயாமல் பேசி, பள்ளியில் மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளை வேறு, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

உடனே பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். ஒரு சின்ன நோட்டில், என்ன நடந்தது, எந்தப் பீரியட், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, பிறகு என்ன ஆயிற்று என்று நாலு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். வயிற்றுவலி என்றதும் வீட்டுக்கு அனுப்பினோம், வலி போய்விட்டது என்றால், அந்தப் பிள்ளை நடிக்கவில்லை, வலி நிஜம், ஆனால் வீட்டுக்குப் போனதால் கிடைத்த நிம்மதி அடுத்த முறையும் அதையே தேட வைக்கும். வருகைப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். எந்தக் கிழமை, எந்தப் பாடம், எந்த ஆசிரியர் என்று ஒரு ஒழுங்கு பெரும்பாலும் தெரியும்.

மதிப்பீட்டுக் கருவி வேண்டும் என்றால் எஸ்.டி.கியூ. என்ற 25 கேள்விப் படிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஐந்து கேள்விகள் உணர்ச்சி சார்ந்த சிரமங்களுக்கென்றே உண்டு. அது யாரைக் கூடுதலாகக் கவனிப்பது என்று சொல்லும், நோய் இன்னது என்று சொல்லாது. அதை வைத்துப் பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிடாதீர்கள்.

இந்த இரண்டு வாரத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது, இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் வீண். பிள்ளை பயப்படுகிற விஷயம் நிஜமாகவே பயப்பட வேண்டியதா? ஒரு ஆசிரியர் பிரம்பு வைத்திருக்கிறார், பஸ்ஸில் யாரோ சீண்டுகிறார்கள், சாதியைச் சொல்லி ஒதுக்குகிறார்கள், கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லை, வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்றால் அந்தப் பிள்ளைக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது அநியாயம். முதலில் அந்தக் காரணத்தை நீக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் இல்லை, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பாலியல் சீண்டல் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும், பள்ளிக்குள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை.

உடம்பில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு, ஆஸ்துமா, கண்பார்வைக் குறைவு எல்லாம் சோர்வாகவோ படபடப்பாகவோ வெளியில் தெரியலாம். வாசிக்கச் சொன்னால் மட்டும் நடுங்குகிற பிள்ளைக்கு எழுத்து கூடவில்லையா, அதாவது கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்காமல் பயத்தை மட்டும் சரிசெய்ய முடியாது.

மூன்றாம் படி: பிள்ளையோடு பேசுவது

எல்லாருக்கும் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "என்னோட ரூமுக்கு வா" என்றால் அந்த நடையிலேயே பிள்ளைக்குப் பாதி உயிர் போய்விடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, நோட்டு அடுக்கும்போது, பக்கத்தில் பக்கத்தில் நின்று கை வேலையாக இருக்கும்போது பேசுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்பதைவிட இது எளிது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்:

"ஏன் கண்ணு, ரெண்டு வாரமா சோத்தைத் திறக்காமயே கொண்டு போறியே, திங்கக்கெழமை ஆனா வவுறு வலிக்குதுன்னு சொல்றே. திட்டறதுக்குக் கேக்கலை சாமி, தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்."

"ஒண்ணுமில்லீங்க மிஸ்."

"சரி. இப்பச் சொல்லணும்னு இல்ல. நான் நாளைக்கும் இங்கதான் இருப்பேன்."

முதல் முறை "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் வரும். மறுநாள் நீங்கள் உண்மையிலேயே அங்கே இருக்கிறீர்களா என்று பிள்ளை பார்க்கும். பேச ஆரம்பித்ததும் நடுவில் புகுந்து ஆறுதல் சொல்லாதீர்கள். "இதுக்கெல்லாம் போயி பயப்படலாமா", "உங்க அக்கா எப்படிப் படிச்சா தெரியுமா", "தைரியமா இருக்கணும்" ஆகிய மூன்றும் வாயை மூடவைக்கும் வார்த்தைகள். "அப்படி இருந்தா கஷ்டமாத்தான் இருக்கும்" என்ற ஒரு வரி போதும். இன்னொன்று, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் ஒதவி பண்றவங்ககிட்டச் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்பதுதான் காப்பாற்ற முடிகிற வாக்கு.

பேச முடியாத பிள்ளை எழுதலாம். அரசுப் பள்ளிகளில் மாணவர் மனசு பெட்டி இருக்கிறது. அதை மாட்டியதோடு விடாமல் திறந்து படிக்கிற ஆள் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: வீட்டோடு பேசுவது

பெற்றோர் கூட்டத்தில் மற்றவர்கள் காதில் விழும்படி இதைப் பேசவே கூடாது. தனியாக, அவர்களுக்கு ஷிப்ட் இல்லாத நேரத்தில், முடிந்தால் இருவரையும். வளர்ப்பது பாட்டி தாத்தா என்றால் அப்புச்சியையும் அம்மாயியையும் கூப்பிடுங்கள், வீட்டில் முடிவு எடுப்பது அவர்களாகக்கூட இருக்கலாம். பிள்ளையின் நல்ல குணம் ஒன்றில் தொடங்கி, நோட்டில் எழுதியதைத் தேதியோடு சொல்லி, "வீட்டுல எப்படிங்க இருக்குது?" என்று கேளுங்கள். "மனநோய்" என்ற சொல்லை நீங்களாக எடுக்க வேண்டாம். அந்தச் சொல் வந்ததும் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடும், குறிப்பாகப் பெண்பிள்ளை என்றால் நாளைக்குப் பொண்ணு கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் பெற்றோருக்கு வந்துவிடும். அந்தப் பயத்தைக் கேலி செய்யாமல், இதைப் பள்ளியில் யாருக்கெல்லாம் சொல்வீர்கள், யாருக்குச் சொல்ல மாட்டீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

"பயந்திருக்கும்னு மந்திரிச்சுட்டு வந்தோமுங்க" என்பார்கள். சண்டைக்குப் போகாதீர்கள். திருநீறு போட்டதால் பிள்ளைக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தால் நல்லது, அதோடு சேர்த்து டாக்டரையும் பார்ப்போம் என்று சொன்னால் கேட்பார்கள். ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, சூடு வைப்பது என்று போனால் அங்கே விட்டுக்கொடுக்க முடியாது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழைக்க வேண்டிய விஷயம் அது.

ஐந்தாம் படி: பயம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுங்கள்

பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்லுங்கள். ஆபத்து என்று மூளை நினைத்ததும் உடம்பு ஓடவோ எதிர்த்து நிற்கவோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தம் வயிற்றிலிருந்தும் தோலிலிருந்தும் கைகால் தசைகளுக்குப் போகிறது. அதனால்தான் வயிறு பிசைகிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது, கை சில்லிடுகிறது. எதிரே பாம்பு இருந்தாலும் சரி, கணக்கு டெஸ்ட் இருந்தாலும் சரி, உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. வலி பொய் இல்லை, ஆனால் ஆபத்தும் இல்லை. இதைக் கேட்ட உடனேயே சில பிள்ளைகளுக்கு முகம் தெளியும், ஏனென்றால் தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று அவர்கள் தனியாக நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அடுத்ததாக, பயந்ததை விட்டு ஒதுங்கினால் அந்த நிமிடம் நிம்மதி கிடைக்கும், ஆனால் அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். ஒதுங்காமல் அங்கேயே இருந்தால் பயம் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும். அது இறங்குவதைப் பிள்ளை தானே ஒரு முறை அனுபவிக்க வேண்டும், சொல்லி நம்பவைக்க முடியாது.

ஆறாம் படி: ஏணி போடுவது

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, நிதானமாகப் படியுங்கள். நம் ஊரில் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. முதுகில் சுரைப்புருடையோ காலி கேனோ கட்டி, முதலில் படியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்து, அப்புறம் ஒரு கை விட்டு, அப்புறம் மாமா தண்ணீரில் நிற்க அவரிடம் போய்ச் சேர்ந்து, கடைசியில் புருடையைக் கழற்றிவிட்டு என்றுதான் பழகினோம். மேலிருந்து தள்ளிவிடப்பட்ட பிள்ளை பிறகு கிணற்றுப் பக்கமே வராது, மேட்டிலேயே உட்கார வைத்த பிள்ளைக்கு நீச்சல் வராது.

வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயப்படும் எட்டாம் வகுப்புப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பூஜ்யத்திலிருந்து பத்து வரை பயத்துக்கு மார்க் போடச் சொல்லுங்கள். தோழிக்கு மட்டும் மரத்தடியில் ஒரு பத்தி வாசிப்பது, பயம் 2. ஆசிரியருக்கு மட்டும் வாசிப்பது, 4. தோழியோடு சேர்ந்து இருவரும் ஒரே குரலில் வகுப்பில் வாசிப்பது, 5. உட்கார்ந்த இடத்திலிருந்தே, எந்த வரி என்று நேற்றே தெரிந்து, ஒரே ஒரு வரி, 6. நின்று ஒரு பத்தி, 8. முன்கூட்டிச் சொல்லாமல் கூப்பிடும்போது வாசிப்பது, 9. இந்த மார்க்கைப் பிள்ளைதான் போட வேண்டும், நாம் எளிது என்று நினைப்பது அதற்குக் கடினமாக இருக்கும்.

ஒவ்வொரு படியையும் பயம் பாதியாகக் குறைகிற வரைக்கும் பல முறை செய்ய வேண்டும், ஒரு முறை செய்ததும் அடுத்ததற்குத் தாவக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் செய்வதைவிடத் தினமும் கொஞ்சம் செய்வது பலன் தரும். மோசமான நாளில் மேலே ஏற வேண்டாம், அதே படியில் நிற்கலாம், படி ரொம்ப உயரம் என்றால் நடுவில் இன்னொரு சின்னப் படி போடலாம். ஆனால் ஏணியையே எடுத்துவிடக் கூடாது. பாராட்டும்போது நன்றாக வாசித்ததைப் பாராட்டாமல், பயத்தோடேயே எழுந்து நின்றதைப் பாராட்டுங்கள், அதையும் காதோடு காதாக. வகுப்பே கைதட்டினால் சில பிள்ளைகளுக்கு அதுவே பெரிய தண்டனை.

பள்ளிக்கே வர மறுக்கும் பிள்ளைக்கு ஏணி வேறு மாதிரி, வேகமும் வேறு. காய்ச்சல் லீவு, தீபாவளி, ஊர் நோம்பி, முழு ஆண்டு விடுமுறை இவற்றுக்குப் பிறகுதான் இது பெரும்பாலும் ஆரம்பிக்கும். ஒன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது என்று பள்ளி மாறும் வகுப்புகளிலும் அதிகம் பார்க்கலாம். ஒவ்வொரு நாள் வீட்டில் இருக்க இருக்கத் திரும்பி வருவது கடினமாகும், அதனால் "மனசு சரியானதும் வரட்டும்" என்று விட வேண்டாம், வந்தால்தான் மனசு சரியாகும். தினமும் வழக்கமான நேரத்தில் எழுந்து, யூனிபார்ம் போட்டு, பள்ளி கேட் வரையாவது வர வேண்டும். கேட்டில் தெரிந்த ஆசிரியர் ஒருவர் நின்று கூட்டிப்போக வேண்டும், அம்மா விட்டதும் உடனே கிளம்ப வேண்டும், ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தால் அழுகை நீளும். முதல் சில நாள் தலைமையாசிரியர் அறையிலோ நூலகத்திலோ இரண்டு பீரியட், பிறகு பிடித்த பாடத்துக்கு மட்டும் வகுப்பு, பிறகு மதியம் வரை, பிறகு முழு நாள். வராத நாளில் வீட்டில் டிவியும் போனும் பள்ளி விடும் நேரம் வரை கிடையாது. இது தண்டனை என்று பிள்ளைக்குத் தோன்றாதபடி அமைதியாகச் சொல்லிவிடுங்கள்: பள்ளி நேரம் என்றால் வீட்டிலும் பள்ளி நேரம்தான்.

வீட்டில் பேசி, பள்ளியில் பேசாத பிள்ளைக்கு முதல் விதி, பேசச் சொல்லிக் கெஞ்சவோ மிட்டாய் காட்டவோ மிரட்டவோ கூடாது. அந்தப் பிள்ளைக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அது பிடிவாதம் இல்லை. பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பறையில் அம்மாவோடு விளையாடிக்கொண்டே பேசட்டும். நீங்கள் முதல் நாள் வராண்டாவில் இருங்கள், அடுத்த நாள் வாசல் பக்கம், அப்புறம் அறையின் மூலையில் நோட்டுத் திருத்திக்கொண்டு, அப்புறம் பக்கத்தில். பேச்சு நிற்காமல் இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள், ஆமாம் இல்லை என்று தலையாட்டும் கேள்வியாக இல்லாமல், "சிவப்பா, பச்சையா?" மாதிரி. கேட்டுவிட்டு ஐந்து விநாடி காத்திருங்கள். பதில் வராவிட்டாலும் முகம் மாறாமல் விளையாட்டைத் தொடருங்கள். முதல் சொல் வரும் நாளில் நீங்கள் துள்ளிக் குதிக்கக் கூடாது, அது ரொம்பச் சாதாரணம் என்பது போல இருக்க வேண்டும்.

ஏழாம் படி: வகுப்பறையில் மாற்றக்கூடியவை

மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்துத் தாள் கொடுப்பதை நிறுத்துங்கள், இது ஒன்றே நாலு பிள்ளைகளின் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். கேள்வி கேட்டதும் பக்கத்தில் இருப்பவரோடு அரை நிமிடம் பேசவிட்டு, அப்புறம் பதில் கேளுங்கள். நாளைய மாற்றங்களை இன்றே சொல்லுங்கள், டெஸ்ட், ஆய்வு அதிகாரி வருகை, புது ஆசிரியர் எதுவானாலும். குழு பிரிக்கும்போது பிள்ளைகளே ஆள் சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் கடைசியில் ஒருவர் தனியாக நிற்பார், நீங்களே பிரித்துவிடுங்கள்.

குறிப்பிட்ட பிள்ளைக்குச் சலுகை தரலாம். மூச்சு முட்டும்போது சீட்டு ஒன்றைக் காட்டி வெளியே போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவது, கதவோரம் உட்காருவது, வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் நின்று பேசுவதற்குப் பதில் உங்களிடம் மட்டும் பேசுவது. ஆனால் எந்தச் சலுகைக்கும் ஒரு கடைசித் தேதி போடுங்கள், மூன்று வாரம் கழித்துக் குறைப்போம் என்று பிள்ளையிடமே சொல்லிவிட்டுக் கொடுங்கள். தேதி இல்லாத சலுகை நாளடைவில் ஒதுங்குவதற்கான வழியாகிவிடும். திரும்பத் திரும்பச் "சரியா இருக்குதுங்களா" என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு முறை பதில் சொல்லுங்கள், இரண்டாவது முறை "நீ என்ன நெனைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள்.

பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு ஒரு விஷயம். வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் முதல் 10 நிமிடம்தான் பதற்றம் உச்சத்தில் இருக்கும் நேரம். தெரியாத கேள்வியைப் பார்த்ததும் கண் அதிலேயே நின்றுவிடும். அந்தப் பத்து நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்று அரையாண்டு, திருப்புதல் தேர்வுகளிலேயே பழக்குங்கள். முதலில் இரண்டு மூச்சு நிதானமாக, அப்புறம் தெரிந்த கேள்விகளுக்கு மட்டும் மனதில் குறி, எந்தக் கேள்வியில் ஆரம்பிப்பது என்று முடிவு. பென்சில் எடுக்க வேண்டியதில்லை.

எட்டாம் படி: படபடப்பு திடீரென்று பிடித்துக்கொண்டால்

மூச்சு வாங்கி, நெஞ்சு அடித்து, செத்துவிடுவேன் போல இருக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் கூடவிடாதீர்கள். கூட ஒருவர் போதும். குரலைத் தாழ்த்தி, "இது பதட்டம், இறங்கிடும், நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பிக்கும். ஆழமாக மூச்சை இழு என்று சொன்னால் சிலருக்குத் தலைசுற்றல் அதிகமாகும், மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது போதும், நீங்களும் கூடச் செய்யுங்கள். பிளாஸ்டிக் பையில் மூச்சு விடச் சொல்வது கூடாது. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ள பிள்ளை, மயங்கி விழுந்த பிள்ளை, முதல் முறையாக இப்படி வரும் பிள்ளை என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், அவசரத்துக்கு 108. இறங்கியதும் தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பாமல், கொஞ்ச நேரத்தில் வகுப்புக்கே திரும்பட்டும்.

ஒன்பதாம் படி: உயிரைப் பற்றிய பேச்சு வந்தால்

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வம் இல்லாமல், தான் எதற்கும் லாயக்கில்லை, எல்லாருக்கும் பாரம் என்று பேசுகிற, எழுதுகிற பிள்ளை, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிற பிள்ளை, முழுக்கைச் சட்டையைக் கோடையிலும் கழற்றாமல் கையை மறைக்கிற பிள்ளை. இவர்களிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிரலாம்னு தோணுதா கண்ணு?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. யாராவது கேட்டார்களே என்று பல பிள்ளைகளுக்குப் பாரம் இறங்கும். ஆமாம் என்று சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாமல், பாவம் புண்ணியம் பேசாமல், தனியாக விடாமல் பெற்றோர் வரும்வரை கூட இருங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதில் கிடையாது. தோட்டமும் காடும் உள்ள வீடுகள் நம்முடையவை, பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் பூட்டிச் சாவியைப் பெரியவர் ஒருவர் இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் அந்த ஆபத்தான சில மணி நேரத்தைக் கடத்திவிட்டால் பிழைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

தேர்வு முடிவு வரும் நாளுக்கு முன்பே, துணைத்தேர்வு இருக்கிறது, அதே ஆண்டில் மேலே படிக்கலாம் என்று தேதி வழிமுறையோடு சொல்லி வையுங்கள். முடிவு வந்த அன்று தோற்ற பிள்ளைகளின் வீட்டுக்கு ஆசிரியர் ஒருவர் போன் செய்தாக வேண்டும், ஜெயித்தவர்களுக்கு மறுநாள் வாழ்த்துச் சொல்லலாம்.

பத்தாம் படி: எங்கே அனுப்புவது?

ஏணி போட்டும் ஒன்றிரண்டு மாதத்தில் நகரவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டது, பள்ளிக்கு வருவதே நின்றுவிட்டது என்றால் நிபுணர் வேண்டும். கோவை, பெருந்துறை, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் என்று நம்மைச் சுற்றி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கே மனநலப் பிரிவில் காட்டலாம். மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. வளர்ச்சி, கற்றல் சார்ந்த சந்தேகம் என்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். போனில் பேச, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம். மாநிலத்தின் 104, பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களையும் சேர்த்துப் பலகையில் எழுதுங்கள், தலைமையாசிரியர் அறையில் இல்லை, பிள்ளைகள் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளும்படி கழிப்பறைக்குப் போகும் வழியில்.

பதற்றத்துக்கு மாத்திரைதான் முதல் வழி என்று இல்லை, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது, நாம் போட்ட ஏணியும் அதன் ஒரு பகுதிதான். மருத்துவர் மாத்திரை எழுதினால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. பள்ளியில் தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும், என்ன நோய் என்பதுகூட வேண்டாம், என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தால் சரி.

கடைசியாக, ஏப்ரலில் செய்ய வேண்டிய ஒரு வேலை. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பொறுப்பு எடுத்தவர் மாறுதலாகிப் போகலாம், வகுப்பும் மாறும், ஜூனில் எல்லாம் முதலிலிருந்து என்றால் ஒரு வருட உழைப்பு போய்விடும். அதனால் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எது பயம், எந்தப் படி வரை ஏறியிருக்கிறது, எது உதவுகிறது, எதைச் சொன்னால் சுருங்கிவிடும், வீட்டில் யாரிடம் பேச வேண்டும். எழுதியதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் காட்டி, சரி என்ற பிறகு அடுத்த வகுப்பாசிரியர் கையில் நேரில் கொடுங்கள். விடுமுறைக்கு முன்பே ஒரு நாள் பிள்ளையைப் புது வகுப்பறைக்குக் கூட்டிப்போய், எந்தப் பெஞ்ச் வேண்டும் என்று கேட்டு, உட்கார வைத்துப் பாருங்கள்.